மிஸ்டு கால் வந்தா கதவைச் சாத்து!

இன்டர்னல்ஸ் முடிஞ்சுதா? மார்க் போட்டாச்சா? சரி சரி, அந்தப் பேச்சை விடுவோம்.

போன வாரம் நைட்டு டிபன் கடையில புரோட்டாக் கல்லு முன்னாடி நின்னு விரலைச் சுட்டுக்கிட்ட கதையைப் படிச்சுட்டு என் ரூம் மேட் ரொம்பவே ஃபீல் பண்ணான். "ஏன்டா, வாரா வாரம் இப்படி அடி வாங்குற வேலையாவே தேடிப் போற? ஜாலியா ஒரு பூந்தோட்டத்துல போய் நில்லு. வண்டு, பட்டாம்பூச்சி, சிலுசிலுன்னு காத்து... பேனாவைத் தொட்டா கவிதையா கொட்டும்"னான். அவன்கிட்ட நான் ஒரு விஷயத்தை மறைச்சுட்டேன். ஏற்கெனவே ஆறு வாரமா சனி, ஞாயிறு நான் பூந்தோட்டத்துலதான் இருந்தேன். கவிதை ஒண்ணும் கொட்டலை. வேர்வைதான் கொட்டுச்சு.

தோட்டம் என் தாய்மாமாவோடது. மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறி நிலக்கோட்டையில இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சுத்தி எங்க பார்த்தாலும் மல்லி. 2013-ல புவிசார் குறியீடு வாங்கின 'மதுரை மல்லி'ங்கிறது மதுரை டவுன்ல மட்டும் முளைக்கிறது இல்லீங்க, இந்தப் பக்கத்துத் தோட்டங்களும் அதுல சேர்த்திதான். நடுவுல எங்க மாமாவோட எண்பது சென்ட் மட்டும் ஒரு தினுசா இருக்கும். துளசி, புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை, மருக்கொழுந்து, ஓரத்துல வாடாமல்லி, கொஞ்சம் செண்டுமல்லி. எல்லாமே சின்னச் சின்னப் பாத்தி. வேப்ப மரத்தடியில வரிசையா நாலு மரப்பெட்டி. அதுக்குள்ளேதான் நம்ம ஹீரோக்கள்... இல்ல, ஹீரோயின்கள். வேலை செய்யிற தேனீ எல்லாமே பொண்ணுங்கதான். ஆண் தேனீ சாப்பிட்டுட்டு ராணிக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான். (நம்ம மெக்கானிக்கல் பிளாக் மாடிப்படியில உட்கார்ந்திருக்கிற குரூப்பை நான் எதுவும் சொல்லலைப்பா!)

மாமாவும் ஒரு காலத்துல மல்லிதான் போட்டிருந்தார். ஏன் விட்டீங்கன்னு கேட்டா அவர் பதில் சொல்ல மாட்டார். அத்தைதான் சொன்னாங்க: "மருந்து அடிச்சிட்டு வந்தா உங்க மாமா கையால சோறு சாப்பிட மாட்டாரு. ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிட்டும், கையை மோந்து பார்த்துட்டு ஸ்பூன் குடுங்கும்பாரு. வீட்டுல இருந்ததே ஒரு ஸ்பூனு. அப்புறம் எதுக்கு அந்தப் பொழப்பு?"

முதல் சனிக்கிழமை. காலை நாலரை மணிக்கு எழுப்பிட்டாங்க. ஹாஸ்டல்ல நாம தூங்கப் போற நேரம். சூடு ஏறுறதுக்குள்ள கீரை, தழையெல்லாம் அறுத்து, கட்டி, தண்ணி தெளிச்சு, ஈரச் சாக்குல சுத்தி சந்தைக்கு அனுப்பணும். கையில கதிர் அருவா குடுத்தாங்க. "கிழக்கால இருக்கிற ரெண்டு பாத்தியில மட்டும் கைய வச்சிராத தம்பி"ன்னு அத்தை சொன்னது காதுல விழுந்துச்சு. ஆனா பாருங்க, இருட்டுல கிழக்கு எந்தப் பக்கம்னு நமக்கு எப்படித் தெரியும்? கூகுள் மேப்ஸ் நீலப் புள்ளி இல்லாம வாழத் தெரியாத கூட்டம் நாம. வேலை தெரிஞ்சவன் மாதிரி சீன் போட்டு, கிடுகிடுன்னு பதினஞ்சு துளசிச் செடியை அடியோட ஒட்ட அறுத்து அழகா அடுக்கி வெச்சேன். விடிஞ்சதும் மாமா வந்து பார்த்தார். துளசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒண்ணுமே பேசாம மோட்டார் போடப் போயிட்டார்.

ஏழு மணி வாக்குல, வெயில் அந்தப் பாத்தி மேல விழுந்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. பெட்டியில இருந்து கிளம்பின தேனீங்க வரிசையா வந்து, செடி இருந்த இடத்துக்கு மேல வெறும் காத்துல சுத்திச்சு. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, போயிட்டு, மறுபடி வந்து பார்த்துச்சு. ஹாஸ்டல் மெஸ்ஸை முன்னறிவிப்பு இல்லாமப் பூட்டினா தட்டோட நிப்போமே, அதே மாதிரி.

நான் அறுத்தது பூத்த துளசி. அதைத் தேனீக்குன்னே விட்டு வச்சிருக்காங்க. இந்த மாதிரித் தோட்டத்தோட சிக்கலே இங்கதான் இருக்கு. மூலிகை, தழை எல்லாம் காசு குடுக்கிறது பூக்கிறதுக்கு முன்னாடி. கொத்தமல்லியை நாப்பது நாளைக்குள்ள பிடுங்கிடணும், பூ வந்துட்டா தழைக்கு விலை கிடையாது. துளசியில தழை நிறைய வேணும்னா கதிர் வரவர நுனியைக் கிள்ளிக்கிட்டே இருக்கணும். புதினாவும் அப்படித்தான், திருநீற்றுப்பச்சிலையும் அப்படித்தான். ஆனா தேனீக்கு வேண்டியது அந்தப் பூ மட்டும்தான். அதாவது சந்தைக்கு எது வேஸ்ட்டோ, அதுதான் தேனீக்குச் சாப்பாடு. ரெண்டு பேருக்கும் ஒரே பாத்தியில பந்தி வைக்க முடியாது. அதனால மாமா பதினாலு பாத்தியில ரெண்டை முழுசா விட்டுடறார். ஒண்ணுல துளசி, இன்னொண்ணுல கொத்தமல்லியும் திருநீற்றுப்பச்சிலையும். கொத்தமல்லி வெள்ளையா பூத்து, தேனீ மொய்ச்சு, அப்புறம் காய்ஞ்சு விதையாகும். அடுத்த விதைப்புக்கு ஆச்சு. திருநீற்றுப்பச்சிலை விதை நமக்குத் தெரிஞ்ச ஆளுதான்... ஜிகர்தண்டாக் கடையில, ஃபலூடா டம்ளர்ல வழவழன்னு மிதக்குமே சப்ஜா, அதுதான்.

"அந்த ரெண்டு பாத்தியையும் அறுத்து வித்தா எவ்வளவு வரும் அத்தை?"

அத்தை யோசிக்கவே இல்லை. "இவன் ஸ்கூல் வேன் ஃபீஸ் வந்துரும்"னாங்க.

'இவன்'ங்கிறது மாமா பையன். பிளஸ் டூ. ஸ்கூலுக்கு சைக்கிள்லதான் போறான். தேனீப் பெட்டி பக்கமே வர மாட்டான். "அதுங்களுக்கு பாத்தி, எனக்கு சைக்கிள். ஒருநாள் எல்லாம் சேர்ந்து பறந்து போயிருச்சுன்னா நான் லட்டு வாங்கித் தரேன் மச்சான்"னு என்கிட்ட ரகசியமா சொன்னான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க.

இன்னொரு விஷயம். பூந்தோட்டம்னாலே தேனீ கொஞ்சுற இடம்னு நினைச்சுட்டு இருந்தேன். நீங்களும்தானே? பெரிய பல்பு! மல்லியை மொட்டாத்தான் பறிப்பாங்க. விரிஞ்சுட்டா சந்தையில அதுக்கு மதிப்பு கிடையாது. ராத்திரி மூணு மணிக்கே தலையில டார்ச் கட்டிக்கிட்டுப் பறிக்கப் போயிடறாங்க. அது விரிஞ்சு மணக்கிறதெல்லாம் உங்க வகுப்புப் பொண்ணுங்க தலையிலதான். தேனீக்கு அங்க பந்தியும் இல்லை, பாயசமும் இல்லை. செண்டுமல்லியிலகூட, பந்து மாதிரி இதழ் அடர்ந்த ஹைபிரிட் பூவுக்குள்ள தேனீ தலையை நுழைச்சு மகரந்தம் தேடுறது, கூட்டமான டவுன் பஸ்ல கண்டக்டரைத் தேடுற கதைதான். மாமா ஓரத்துல விட்டிருக்கிறது இதழ் கம்மியான நாட்டு ரகம். பார்க்க சுமாரா இருக்கும். மாலைக்கு ஆகாது. ஆனா தேனீ, பட்டாம்பூச்சி எல்லாம் அங்கதான் இருக்கும்.

ரெண்டாவது வாரம் பெட்டியைத் திறந்து காட்டினார் மாமா. கோபம் தணிஞ்சிடுச்சுன்னு அர்த்தம். இல்ல, பழிவாங்கக் கூப்பிட்டாரான்னு தெரியலை. கடைசியில கன்னத்துல ஒரு கொட்டு வாங்கினேன்.

பெட்டி மார்த்தாண்டத்துல இருந்து வந்தது. 2023-ல அந்த ஊர்த் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. கீழ் அறையில முட்டை, புழு, குடும்பம். மேல் அறையில தேன். பெட்டியைத் தாங்குற ஸ்டாண்டு காலுக்கு அடியில தண்ணி ஊத்தின கிண்ணம், எறும்பு ஏறாம இருக்க. பெட்டி டிசைன்ல ஒரு வகைக்கு 'நியூட்டன் பெட்டி'ன்னு பேரு. ஆப்பிள் விழுந்த நியூட்டன் இல்லை, அவசரப்படாதீங்க. 1910-கள்ல திருச்சிப் பக்கம் நம்ம நாட்டுத் தேனீக்கு ஏத்த மாதிரி சின்னதா பெட்டி அமைச்சு, கிராமத்து ஜனங்களுக்குத் தேனீ வளர்ப்பு சொல்லிக் குடுத்த நியூட்டன் பாதிரியார். அந்த நியூட்டனும் இதுல கொஞ்சம் உண்டு, மறைக்க மாட்டேன். டிரம்முக்குள்ள அடையை மாட்டி கைப்பிடியைச் சுத்தினா, அடை உடையாம தேன் தெறிச்சு வெளியே வருது. மையவிலக்கு விசை! முதல் செமஸ்டர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்ணினது, விரல்ல வழிஞ்சு நாக்குல இனிச்சது அன்னிக்குத்தான்.

அடையை வெளியே எடுத்தப்போ ஒரு தேனீ எட்டு போடுற மாதிரி ஆடிட்டு இருந்துச்சு. நடுக்கோட்டுல வரும்போது மட்டும் வயித்தை ஆட்டி ஆட்டி நடக்குது. பூ எங்க இருக்குன்னு மத்த தேனீக்கு அட்ரஸ் சொல்லுதாம். செங்குத்துக் கோட்டுல இருந்து எவ்வளவு சாய்ஞ்சு ஆடுதோ, சூரியன் இருக்கிற திசையில இருந்து அவ்வளவு சாய்வா பறக்கணும். எவ்வளவு நேரம் ஆட்டுதோ அவ்வளவு தூரம். கார்ல் ஃபான் ஃபிரிஷ்னு ஒருத்தர் இதைக் கண்டுபிடிச்சார், 1973-ல நோபல் பரிசில பங்கு குடுத்தாங்க. நான் படிக்கிறது ஈ.சி.இ. கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் பேப்பர்ல ஒரு அரியர் வெச்சிருக்கேன். இந்தப் பூச்சி இருட்டுக்குள்ள, டவர் இல்லாம, இடுப்பை ஆட்டியே திசையும் தூரமும் அனுப்புது. வெக்கமா போச்சு.

மாமா இன்னொரு வித்தையும் காட்டினார். இருட்டின அப்புறம் பெட்டிகிட்ட போகணும்னா டார்ச் கண்ணாடி மேல சிவப்பு ஜிகினாத் தாள் கட்டிக்குவார். தேனீக்குச் சிவப்பு தெரியாது. நமக்குத் தெரியாத புற ஊதா நிறம் அதுக்குத் தெரியும். வெள்ளை வெளிச்சம் காட்டினா வெளிச்சத்தைப் பார்த்து மூஞ்சிக்கே பறந்து வரும், சிவப்புல காட்டினா பேசாம இருக்கும்.

பெட்டித் தேனீ மட்டும்தான் ஆளுன்னு நினைச்சுடாதீங்க. கத்திரிப் பூவுல மகரந்தம் ஒரு சின்னக் குழாய்க்குள்ள இருக்கு, நுனியில மட்டும் ஓட்டை. உப்புக் குப்பி மாதிரி குலுக்கினாத்தான் கொட்டும். நம்ம பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. கருகருன்னு குண்டா, ஹெலிகாப்டர் சத்தத்தோட வருமே கருவண்டு, அது பூவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு 'விர்ர்ர்'னு அதிர வைக்கும். மகரந்தம் பொலபொலன்னு உதிரும். நம்ம போன் வைப்ரேஷன் மோடுதான்! அந்த வண்டு காய்ஞ்ச மூங்கில்ல ஓட்டை போட்டுக் குடியிருக்கும். அதுக்காகவே பழைய அவரைப் பந்தல் மூங்கிலை மாமா மாத்தாம வெச்சிருக்கார். பார்க்கிறவங்க எல்லாம் 'என்னப்பா, பந்தல் சாயுது'ங்கறாங்க. இவர் 'சாயட்டும்'கறார்.

மூணாவது வாரம் போனப்போ வாசல்ல யாரும் இல்லை. எல்லாரும் வேப்ப மரத்தடியில நின்னுட்டு இருந்தாங்க.

பெட்டிக்கு முன்னாடி தரை முழுக்கத் தேனீ. பாதி செத்துக் கிடந்துச்சு, பாதி பறக்க முடியாம ஊர்ந்துட்டு இருந்துச்சு. செத்ததுங்க நாக்கை நீட்டிக்கிட்டு, இறக்கையை அகலமா விரிச்சுக்கிட்டு. "நாக்கு நீட்டிக்கிட்டுக் கிடந்தா மருந்துன்னு அர்த்தம்"னார் மாமா. குரல்ல ஒண்ணுமே இல்லை. உள்ள இருந்த காவலுக்காரத் தேனீங்க, தள்ளாடித் தள்ளாடித் திரும்பி வந்ததுங்களை வாசல்லயே தடுத்து வெளியே தள்ளிட்டு இருந்துச்சு.

லட்டு வாங்கித் தரேன்னு சொன்னான் பாருங்க, அவன் ஒரு டின் மூடியையும் கோழி இறகையும் எடுத்துட்டு வந்து, குத்தவெச்சு உட்கார்ந்து, ஒவ்வொண்ணா கூட்டி எடுத்துட்டு இருந்தான். எண்ணிட்டும் இருந்தான். நானூறைத் தாண்டினதும் விட்டுட்டான். தோட்டத்துல எங்கெங்க விழுந்துச்சோ, அது யாருக்குத் தெரியும்?

வெளியே போய் இரை தேடுறது வயசான தேனீங்கதான். பிறந்து ரெண்டு மூணு வாரம் வீட்டுக்குள்ள வேலை, அப்புறம்தான் வெளி வேலை. வெளியே போனதெல்லாம் செத்துட்டா, உள்ள இருக்கிற சின்னதுங்க குழந்தையைப் பார்த்துக்கிறதை விட்டுட்டு வெளியே ஓட வேண்டி வரும். வீடு ரெண்டும் கெட்டானா ஆயிடும். நாலு பெட்டியில ஒண்ணு அடுத்த வாரத்துக்குள்ள காலி. 1991-92-ல ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியா முழுக்கத் தேனீப் பெட்டிகளைக் காலி பண்ணுச்சு, தெரியுமா? அப்போ எங்க மாமாவோட அப்பா, அதாவது எங்க தாத்தா, வெச்சிருந்த எல்லாப் பெட்டியையும் அடுப்புல போட்டு எரிச்சாராம். அத்தை அதைச் சொன்னப்போ மாமா எழுந்து போயிட்டார்.

மருந்து தெக்குத் தோட்டத்துல இருந்து வந்தது. அது மாமாவோட பங்காளி தோட்டம். எனக்கும் முறைக்கு மாமாதான். மல்லிக்கு அடிச்ச மருந்து காத்துல இந்தப் பக்கம் வந்திருக்கு. அது போக மல்லிச் செடிக்கு அடியில களையா முளைச்ச தும்பை, வெள்ளை வெள்ளையா பூத்திருந்துச்சு. தும்பைன்னா தேனீக்கு அல்வா. மல்லியைத் தேடி அதுங்க போகலை, தும்பையைத் தேடிப் போயிருக்கு.

உங்களுக்கு ரத்தம் கொதிக்குதா? எனக்கும் கொதிச்சுது. 'வாங்க மாமா, போய் நாலு வார்த்தை நல்லாக் கேட்டுட்டு வருவோம்'னு குதிச்சேன். மாமா அசையலை. ஏன்னா, ரெண்டு தோட்டத்துக்கும் ஒரே கிணறு. முறை வெச்சு மோட்டார் போடறாங்க. பங்குனி வெயில் ஆரம்பிச்சாச்சு. சண்டை போட்டுட்டு அப்புறம் தண்ணி முறைக்கு யார்கிட்ட போய் நிப்பீங்க?

ஆனாலும் நாலாவது வாரம் கிணத்து மேட்டுல பேச்சு வந்துடுச்சு. நான் ஓரமா நின்னுட்டு இருந்தேன், வாயைத் திறக்கலை. (திறக்கலைன்னு சொன்னா நம்பணும்.)

"அண்ணே, காலையில அடிக்காதீங்கண்ணே. எட்டு மணிக்கு அதுங்க எல்லாம் வெளியதான் இருக்கும். பொழுது சாய, அதுங்க அடைஞ்ச பெறகு அடிங்க."

"தம்பி, நான் என்ன வேணும்னா அடிச்சேன்? மொட்டுப்புழு விழுந்து மொட்டு மொட்டா ஓட்டை போடுது. உத்திரத்துக்கு ஒம்பது நாளு இருக்கு. வருசத்துல நாலு நாளு வெலை கிடைக்கும், அன்னைக்குப் பூ இல்லைன்னா நான் என்ன பண்ண?"

"அடிக்க வேணாங்கலை, சாயந்தரம்..."

"சாயந்தரம் அடிச்சா, ராத்திரி மூணு மணிக்குப் பறிப்பு. மருந்து ஈரத்தோட சந்தைக்குப் போகும். யார் வீட்டுப் பொம்பளப் பிள்ளை தலையில வெக்கிறது அதை? பறிச்சு முடிச்ச கையோட அடிச்சாத்தான் அடுத்த பறிப்புக்குள்ள ஒரு நாளாவது காயும்."

மாமாகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. வில்லனைத் தேடிப் போனா அந்த ஆள் நியாயம் பேசறார்!

அவரே கொஞ்ச நேரம் கழிச்சு, "உன் தேனீயால எனக்கு என்ன ஆகுது, சொல்லு. என் மல்லிக்கு அது வேணுமா?"ன்னார். வேண்டாம். அதுதான் உண்மை. மொட்டைப் பறிக்கிற தோட்டத்துக்கு மகரந்தச் சேர்க்கை எதுக்கு?

இந்த இடத்துல நம்ம இன்ஜினீயர் மூளை விழிச்சுக்கிச்சு. ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பிளான் போட்டேன். ஆர்டுயினோ, ஒரு சென்சார், குட்டி சர்வோ மோட்டார். ஸ்ப்ரேயர் சத்தம் கேட்டதும் பெட்டி வாசல் தானா மூடிக்கும். மினி புராஜெக்ட்டுக்கும் ஆச்சு! அஞ்சாவது வாரம் படம் வரைஞ்சு காட்டினேன். மாமா பொறுமையாக் கேட்டார். "ஸ்ப்ரேயர் சத்தம் கேக்கிறப்போ தேனீ எங்க இருக்கும் மாப்ள?"ன்னார். வெளியே. வெளியே இருக்கிற தேனீக்கு வாசலை மூடி என்ன புண்ணியம்? மூடுறதுன்னா முந்தின ராத்திரி, எல்லாம் உள்ள அடைஞ்ச அப்புறம் மூடணும். அதுக்கு நாளைக்கு மருந்து அடிக்கப் போறாங்கன்னு இன்னிக்கே தெரியணும். அதுக்கு சென்சார் கிடையாது.

அந்த சென்சார் அத்தைகிட்ட இருந்துச்சு. போன்ல, 'தெக்கு வீட்டு அக்கா'ங்கிற பேர்ல.

ஆம்பளைங்க கிணத்து மேட்டுல பேசி முடிக்காததை, ரெண்டு பேரும் அடுப்படி வாசல்ல முறுங்கைக் கீரை உருவிக்கிட்டே முடிச்சுட்டாங்க. தெக்கு வீட்டு அக்கா வரப்புல பரங்கிக் கொடி போட்டிருக்காங்க. முன்னெல்லாம் பிஞ்சு பாதிக்கு மேல வெம்பி உதிருமாம். மாமா பெட்டி வெச்ச ரெண்டு வருஷமா நிக்குதாம். பரங்கிப் பூ விடியக்காலையில விரியும், ஆண் பூ வேற, பெண் பூ வேற. நடுவுல தூது போக ஆள் இல்லைன்னா பிஞ்சு நிக்காது. புருஷனோட மல்லிக் கணக்குல வராத அந்தப் பரங்கிக்காய்ப் பணம் அக்காவோட சொந்தக் கணக்கு. அத்தைக்கு இது தெரியும். எங்க தட்டணுமோ அங்க தட்டினாங்க.

ஒப்பந்தம் இதுதான். மருந்து வாங்கி வந்த அன்னிக்கு ராத்திரி ஏழு மணிக்கு மேல அக்கா ஒரு மிஸ்டு கால் குடுக்கணும். எடுக்கக் கூடாது, எடுத்தா அக்காவுக்குக் காசு போகும்னு அத்தை இன்னும் நம்பறாங்க. மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி தும்பையை அறுத்துடணும். எல்லையில ரெண்டு வரிசை அகத்தி மாமா நடணும், காத்துல வர்றது கொஞ்சம் மட்டுப்படும். அதுக்கு மேல ஒண்ணு: கோடை முடியிற வரைக்கும் வெள்ளிக்கிழமைத் தண்ணி முறையில ரெண்டு மணி நேரம் தெக்குத் தோட்டத்துக்கு. இந்தக் கடைசி ஷரத்தைத் தெக்குத் தோட்டத்து மாமா கேட்டு வாங்கினார். எங்க மாமா ரெண்டு நாள் யோசிச்சுட்டு ஒத்துக்கிட்டார். புதினாவுக்குத் தண்ணி பத்தாது. அதனால ஒரு புதினாப் பாத்தியை இந்தக் கோடைக்குக் காயவிட்டுட்டார். கணக்குப் போட்டுக்கங்க, பதினாலுல மூணு போச்சு.

வாசலை மூடினா எல்லாம் சரியான்னா, அதுவும் இல்லை. பெட்டிக்குள்ள கூட்டம், வெயில், மூடின வாசல். புழுங்கிச் செத்துடும். நம்ம நாட்டுத் தேனீக்கு ரோஷம் வேற ஜாஸ்தி. ரொம்ப நேரம் அடைச்சு வெச்சா மறுநாள் குடும்பத்தோட கிளம்பி வேற வீடு பார்த்துப் போயிடும். அதனால காத்துப் போற மாதிரி கம்பி வலை, மேல ஈரச் சாக்கு, மதியத்துக்கு மேல மருந்து காய்ஞ்சதும் திறந்துடணும்.

ஆறாவது வாரம், சனிக்கிழமை ராத்திரி ஏழே முக்கால். நாங்க இட்லி சாப்பிட்டுட்டு இருந்தோம். அத்தை போன் ரெண்டு ரிங் அடிச்சு நின்னுச்சு. யாரும் எதுவும் பேசலை. மாமா கையைக் கழுவினார். மாமா பையன் இட்லியை அப்படியே விட்டுட்டு எழுந்து, டார்ச்சுல சிவப்புத் தாளைக் கட்டி ரப்பர் பேண்டு போட்டான். நான் கம்பி வலைத் துண்டையும் ஆணியையும் எடுத்துட்டேன். அதுதான் என் சர்வோ மோட்டார்.

சிவப்பு வெளிச்சத்துல மூணு பெட்டி வாசலையும் அடைச்சோம். வலை மேல காதை வெச்சா உள்ள 'ஹ்ம்ம்ம்'னு ஒரே சுருதி. அவன் மூணு பெட்டியிலயும் காதை வெச்சுக் கேட்டான்.

ஞாயித்துக்கிழமை காலை ஏழரைக்குத் தெக்கால ஸ்ப்ரேயர் சத்தம் ஆரம்பிச்சுது. பெட்டிக்குள்ள சத்தம் ஏறிக்கிட்டே போச்சு. கொஸ்டின் பேப்பர் அவுட் ஆஃப் சிலபஸ்னு தெரிஞ்ச எக்ஸாம் ஹால் மாதிரி. வலைக்குப் பின்னாடி நூறு தலை முட்டிக்கிட்டு நின்னுச்சு. அரை மணிக்கு ஒரு தரம் சாக்கை நனைச்சுட்டே இருந்தோம். பதினோரு மணிக்கு மாமா பெட்டி மேல கையை வெச்சுப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வெச்சார். "தாங்குமா?"ன்னேன். "தெரியலை மாப்ள"ன்னார். பன்னெண்டு மணிக்கு தெக்குத் தோட்டத்து மாமா, மூஞ்சியில கட்டின துண்டை அவுத்துட்டே வரப்போரமா வந்து நின்னு, அடைச்சிருந்த பெட்டியைத் தூரத்துல இருந்து பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாமப் போனார்.

மூணு மணிக்குத் திறந்தோம். முதல் ரெண்டு பெட்டியிலயும் குபுகுபுன்னு வெளியே வந்து வாசல்லயே கொஞ்ச நேரம் வட்டம் அடிச்சு, அப்புறம் கிளம்பிடுச்சு. மூணாவதுல வலையை எடுத்தும் ஒண்ணுமே வரலை. மாமா பையன் தரையில படுத்து வாசலுக்கு நேரா மூஞ்சியை வெச்சுப் பார்த்தான். கொட்டப் போகுதுடான்னு நான் சட்டையைப் பிடிச்சு இழுக்கறேன், வர மாட்டேங்கறான். அஞ்சு நிமிஷம் இருக்கும். ஒரே ஒரு தேனீ நடந்து வந்து, நின்னு, மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, கிழக்கால போச்சு. நான் அறுத்த துளசி மறுபடி துளிர்த்து, நாலஞ்சு செடியில கதிர் விட்டிருந்துச்சு.

சாயந்தரம் பஸ்ஸுக்குக் கிளம்பறப்போ அத்தை ஒரு கட்டு புதினாவும் கால் பாட்டில் தேனும் பையில வெச்சாங்க. மாமா வாசல் வரைக்கும் வந்து, "பதினஞ்சு செடியில ஆறு துளிர்க்கலை மாப்ள. அடுத்த தடவை வரும்போது நாத்து நட்டுட்டுப் போ"ன்னார். அடுத்த சனிக்கிழமை எனக்கு கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் அரியர் எக்ஸாம். எழுதிட்டு அப்படியே ஆரப்பாளையம் போறேன். அதனால அடுத்த வாரம் இந்தப் பக்கத்துல நீங்க படிக்கப் போறது லாரி ஷெட்ல நான் கிரீஸ் அடிச்ச கதை, அது முன்னாடியே எழுதிக் குடுத்தாச்சு. வரட்டா!